தாலாட்டும் பாடவேளையும்

முத்தமிழ் என்று மொழியை மூன்றாகப் பகுத்துப் பெருமை கொண்டவர் தமிழர். ஆயினும் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இயலுக்குக் கிடைத்த இடம் இசைக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. அதன் காரணத்தை அறியக் கிள்ளான் மாவட்டத்து மேரு வட்டாரத்தின் தோட்ட வாழ்வே தக்க சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, கங்காணிகள் வழியே தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மக்கள் இங்குக் குடியேறினர். அவர்கள் சுமந்து வந்த மூட்டையில் எடையில்லாத பொருள் ஒன்று இருந்தது; அதுவே பாட்டு. ஆயாக்கொட்டகையில் தாலாட்டும், மாரியம்மன் திருவிழாவில் கும்மியும், திருமணத்தில் நலங்கும், இழவு வீட்டில் ஒப்பாரியும், தப்பும் உறுமியும் எழுப்பிய முழக்கமும் லயத்து வாழ்வோடு இரண்டறக் கலந்தன. பின்னர்ப் பால்மரக்காடும் கங்காணியும் அப்பாடல்களின் பொருளாயின. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்குச் சென்று மீளாதவர்களை எண்ணிய துயரும் அவற்றில் புகுந்தது. எழுதப்படாத தோட்ட வரலாறு அப்பாடல்களில் வாழ்ந்தது.

பள்ளியின் நிலை என்ன? பத்துப் பிள்ளைகளுக்கு மேல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டுமென்பதை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வலியுறுத்தியது. பல பள்ளிகளில் ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் கவனித்தார். எழுத்தும் எண்ணும் கற்பிப்பதே பெரும்பாடாயிற்று. கடவுள் வாழ்த்தும் ஆத்திசூடியும் வாய்பாடும் இராகமிட்டு ஓதப்பட்டன. லயத்துப் பாட்டோ வகுப்பறை வாயிலிலேயே நின்றுவிட்டது. கற்றோர் அவைக்குத் தெம்மாங்கு ஏற்றதன்று என்ற எண்ணமும் அதற்குத் தடையாயிற்று. 1952இல் கோ. சாரங்கபாணி தொடங்கிவைத்த தமிழர் திருநாள் விழாக்கள் மக்கள் கலைகளுக்கு மேடை தந்தன. பாடத்திட்டம் அவற்றுக்கு இடந்தர மேலும் காலம் கடந்தது.

இதே காலத்தில் ஹங்கேரி நாடு வேறு வழி கண்டது. அந்நாட்டு இசைமேதைகளான சோல்தான் கோடாயும் பேலா பார்டோக்கும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேயே சிற்றூர்கள்தோறும் சென்று பாடல்களைத் திரட்டினர். தாய்மொழியைப் போலவே தாயிசையும் உண்டு. குழந்தையின் இசைக்கல்வி அதனினின்றே, குரலின் வழியே தொடங்க வேண்டும் என்பது கோடாயின் கொள்கை. கருவி பின்னர் வரலாம். அவ்வடிப்படையில் 1950இல் கெச்கெமேட் நகரில் நாள்தோறும் பாடும் தொடக்கப்பள்ளி ஒன்று தோன்றியது.

மலேசியாவில் 1983ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் இசையை ஒரு பாடமாக்கியது. பாடுதலும், இசைக்கேற்ற அசைவும், தாளக் கருவிகளும், மேல்வகுப்புகளில் ரெக்காடர் குழலும் பள்ளிக்குள் வந்தன. தெம்மாங்கு வாயில் கடந்து உள்ளே வர அதுவே தக்க தருணம். ஆனால், இசைப்பயிற்சி பெற்ற தமிழாசிரியர் எத்துணை பேர்? பயிற்சி குறைந்த இடத்தில் திரைப்பாடல் எளிதில் நுழைந்தது.

நாட்டார் பாடல் கற்பித்தலுக்கு எவ்வளவு இயைந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாலாட்டு குறைந்த சுரங்களுக்குள் மெல்ல அசைவதால் இளங்குரலுக்கு வருத்தம் தராது. கும்மியில் கைதட்டும்போதே மாணவர் தாளத்தை உடலால் உணர்கின்றனர். மூன்றெண்ணிக்கைத் திச்ர நடையை விளக்கக் கரும்பலகை வேண்டுவதில்லை. ஒருவர் பாடப் பலர் வாங்கிப் பாடும் முறையில் கூச்சமுள்ள பிள்ளையும் வாய் திறக்கும். ஐந்து சுர மோகனத்தைப் பழகிய செவிக்கு, அவ்வாறே ஐந்து சுரங்களில் அமைந்த ஹங்கேரியப் பழம்பாடலும் அயலாகத் தோன்றாது. தன் பாட்டை அறிந்த பிள்ளையே 'ராசா சாயாங்' போன்ற மலாய்ப் பாடலையும் சுவைத்துப் பாடும். ஜாவானிய மரபினரும் வாழும் மேருவில் இது சிறு நன்மையன்று.

தமிழ்நாட்டில் 1964இல் நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலைத் தந்தார். அதுபோன்ற தொகுப்புப் பணி ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரியது, காலமோ நெருக்குகிறது. மேருவை அடுத்த தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்கள் மறைந்தன, அங்குப் பாடியவர்கள் அடுக்குமாடி வீடுகளில் முதுமை எய்தியுள்ளனர். மாணவர் தம் பாட்டியிடம் ஒரு பாட்டைக் கேட்டெழுதி வருவதும், அதனை வகுப்பு கூடிப் பாடுவதும் செலவில்லாப் பணிகள். பாட்டி இருக்கும்போதே அது செய்யப்படல் வேண்டும். செவியில் விழாத பாட்டு நாவில் ஏறாது. நாவில் ஏறாதது அடுத்த தலைமுறைக்கு எட்டாது.