அணையும் அரசும்

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. காடு திருத்தித் தேயிலை நட்ட கைகளுள் தமிழர் கைகள் பல. அம்மலையின் ரிங்லெட் பகுதியில், பெர்த்தாம் ஆற்றை மறித்து, மின்னாக்கத்திற்காக 1963இல் எழுந்ததே சுல்தான் அபு பக்கார் அணை.

2013 அக்டோபர் 23, நள்ளிரவு கடந்த வேளை. பெருமழையால் நீர் பெருகவே, தெனாகா நேசனல் நிறுவனம் மதகுகளைத் திறந்தது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் மடிந்தன, வீடுகள் சிதைந்தன. பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர்.

பொறுப்பு யாருடையது? மதகைத் திறந்தது நிறுவனம். மேட்டு நிலங்களில் காடழித்ததால் இறங்கிய வண்டலோ நீர்த்தேக்கத்தை முன்பே சுருக்கியிருந்தது. நில அதிகாரம் மாநில அரசினுடையது. நிறுவனத்தின் பெரும்பங்கு அரசு சார்ந்த அமைப்புகளுடையது.

போபாலிலும் இந்நிலையே. 1984இல் நச்சுவாயு கக்கிய யூனியன் கார்பைடின் இந்திய நிறுவனத்தில் அரசு நிதி நிறுவனங்களுக்கும் பங்கிருந்தது. ஆயினும், மக்கள் சார்பில் வழக்காடும் உரிமையை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசே ஏற்று, 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பட்டது.

தட்டிக் கேட்க வேண்டிய கையே பங்கும் பெறுமாயின், ஏழையின் முறையீடு எங்கே சென்று சேரும்? அரசுக்கும் நிறுவனத்துக்கும் அப்பால் நின்று ஆராயும் தற்சார்புடைய விசாரணையே அதற்கு விடை.