றொசல்லக் கடையும் துரைமார் கடையும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலையும் கோட்டையையும் தேடுவது வழக்கம். றொசல்லயில் கோட்டை இல்லை. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே மலைச்சரிவில் ஒரு சிறு புகையிரத நிலையம். அதைச் சுற்றித் தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள். ஆகவே நாம் கடையிலிருந்து தொடங்குகிறோம். மக்கள் எதை உண்டார்கள், யாரிடம் வாங்கினார்கள், அளந்து கொடுத்தவன் யார் என்று கேட்போமாயின், மலையகத்தின் ஒன்றரை நூற்றாண்டுக் கதை தானே வெளிப்படும்.

துரைமாருக்குக் கடை இருந்தது. 1844ஆம் ஆண்டில் வில்லியம் மில்னும் டேவிட் சைம் கார்கிலும் கண்டியில் தொடங்கிய வாணிபம் பின்னர் கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் பரவிற்று. சீமையிலிருந்து வந்த சரக்கு, தோட்டத்து பங்களாவின் மேசையை அடைந்தது. 1885இல் நானுஓயா வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதன்பின் றொசல்ல வழியாகத் தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின. அரிசி மூடைகளும் துரைமாரின் பெட்டிகளும் மேலே ஏறின. ஒரே தண்டவாளம்; இருவேறு வயிறுகள்.

தொழிலாளிக்கு அரிசி வந்த விதத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவன் காசு கொடுத்துக் கடையில் வாங்கியவன் அல்லன். தோட்டம் அரிசியை அளந்து கொடுத்தது. அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் அவர்கள் தலையிலேயே கடனாக ஏற்றினார். செக்ரோலில் பேர் விழுந்த நாளுக்கே கூலி. மழையும் காய்ச்சலும் பேரைக் குறைத்தன, பசியோ குறைவதில்லை. வட்டவளைப் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கடனுக்கு ஒரு காகிதம் இருந்தது. அதன் பெயர் ‘துண்டு’. இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தனை பேரை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும். அத்தொகையைக் கட்டி மற்றொரு தோட்டம் அவர்களை ஏற்கும். கடன் தீர்வதில்லை, இடம் மாறும். மனிதனை அவன் உண்ட சோற்றின் விலைக்கு அடகு வைத்த இம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியோடு அரிசி விலையையும் சேர்த்தே நிர்ணயிக்க வழி செய்தது. கூலி என்பதே அரிசியின் மறுபெயராய் இருந்தமைக்கு வேறு சான்று வேண்டுமா? ஹட்டனில் 1931இல் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யர் கங்காணிமாரையும் துரைமாரையும் ஒருங்கே பகைத்துக்கொண்டதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

இனி, கடலுக்கு அப்பாலும் ஒரு கடையைக் காண்போம். 1871இல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் லிப்டன் ஒரு மளிகைக் கடை திறந்தார். பன்றியிறைச்சியும் வெண்ணெயும் விற்ற அக்கடை பல கிளைகளாய்ப் பெருகியது. 1890இல் அவர் இலங்கைக்கு வந்து ஊவா மலைகளில் தோட்டங்களை வாங்கினார். மளிகைக்காரர் தோட்டக்காரரானார், தோட்டத்துத் தொழிலாளியோ தன் மளிகைக்கே கடன்காரனாய் நின்றான். இலண்டனின் சிறப்புக் கடைகளிலே மலைநாட்டுத் தேயிலை அழகிய பேழைகளில் அடுக்கப்பட்டது. கொழுந்தைக் கிள்ளியவளுக்குக் கிடைத்தது ஆலைத் தூள்.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. பங்கீட்டு முறை வந்தது. கோதுமை மாவும் லயத்து அடுப்பங்கரையில் இடம்பெற்றது. மலையகத்தின் தனிச்சுவை என்று இன்று நாம் கொண்டாடும் ரொட்டியும் சம்பலும் வறுமை வகுத்த உணவு என்பதை மறத்தல் ஆகாது. 1948இல் குடியுரிமை பறிபோனது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது நாடு ஹர்த்தாலில் கொதித்தது. ஆனால் அரிசிக்காக வாக்கால் பழிவாங்கும் உரிமை மலையகத் தமிழரிற் பெரும்பாலோருக்கு இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டப் புறங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. அக்காலத்திலேயே தோட்டங்கள் அரசுடைமையாகிக்கொண்டிருந்தன என்பது கசப்பான உண்மை.

கார்கில் நிறுவனம் 1983இல் கொழும்பில் தொடங்கிய சுயசேவைக் கடைகள் இன்று மலைநகரங்களையும் எட்டிவிட்டன. துரைமாருக்கென்று இருந்த கதவு எவருக்கும் திறந்திருக்கிறது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என வர்த்தமானியில் வெளியாயிற்று. மறு ஆண்டின் நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்காகி அந்த வெற்றியை விழுங்கிற்று. ஆதலின் லயத்துப் பெண் முதலில் நாடுவது சந்தியிலுள்ள சிறு கடையையே. அங்கே கடன் கொப்பி உண்டு. மாவும் பருப்பும் கருவாடும் அதில் ஏறும். சம்பள நாளில் அவள் கையிலுள்ள சீட்டில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில், முற்பணம் என்று கழிவுகள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றினிடையே, அவள் குடித்த தேயிலைத் தூளுக்கும் ஒரு வரி இருக்கிறது.