ராஜராஜ சோழன் (திரைப்படம்)

ராஜராஜ சோழன் 1973 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ் வரலாற்றுத் திரைப்படமாகும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் இதுவே. சென்னை ஆனந்த் திரையரங்கின் உரிமையாளரான ஜி. உமாபதி தயாரிக்க, ஏ. பி. நாகராஜன் இயக்கினார். அரு. ராமநாதன் எழுதி, டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய அதே பெயருடைய நாடகம் இதன் மூலமாகும். குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்தார். பேரரசன் ஒருவனைப் பற்றிய படத்தில் பேச்சு மிகுதி, போர் குறைவு என்ற குறை இப்படத்தின் மீது தொடர்ந்து சுமத்தப்பட்டு வருகிறது. அக்குறையில் ஒரு பாதி மட்டுமே நியாயமானது.

கதை

ராஜராஜனாகச் சிவாஜி கணேசன் நடித்துள்ளார். வேங்கி நாட்டு இளவரசன் விமலாதித்தனுக்கும் (முத்துராமன்) மன்னனின் மகள் குந்தவைக்கும் (லட்சுமி) இடையிலான காதல், அதைக் கொண்டு சோழ நாட்டையும் வேங்கியையும் பிரிக்க முயலும் பாலதேவரின் (எம். என். நம்பியார்) சூழ்ச்சி, தந்தைக்கும் மகன் ராஜேந்திரனுக்கும் (சிவகுமார்) எழும் கருத்து வேற்றுமை ஆகியவையே கதை. மன்னனின் தமக்கை குந்தவையாக எஸ். வரலட்சுமி வருகிறார். அத்தை, மருமகள் இருவருக்கும் ஒரே பெயர் என்பது வரலாற்றிலும் அவ்வாறே.

வரலாற்றுப் பின்னணி

985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன் காந்தளூர்ச் சாலை, கங்கபாடி, ஈழம் எனப் பல வெற்றிகளைத் தன் மெய்க்கீர்த்தியில் பொறித்தவன். அவற்றுள் எதையும் படம் மையமாகக் கொள்ளவில்லை. அது எடுத்துக்கொண்டது வேங்கியை. போர்க்களக் காட்சிகளை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தாலும், இத்தேர்வு பிழையானதன்று. சோழர் வரலாற்றின் போக்கை மாற்றியது அந்த மண உறவுதான்.

கீழைச் சாளுக்கிய அரசைச் சடாசோட வீமன் கைப்பற்றியபின், சக்திவர்மனும் அவன் தம்பி விமலாதித்தனும் சோழநாட்டில் அடைக்கலம் புகுந்தனர். ராஜராஜனின் உதவியால் சக்திவர்மன் அரியணை பெற்றான். அவனுக்குப் பின் ஆண்ட விமலாதித்தன் ராஜராஜனின் மகளை மணந்தவன். அவர்களுடைய மகன் ராஜராஜ நரேந்திரன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கை தேவியை மணந்தான். இவர்களின் மகனே 1070 இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். ஆகவே அரண்மனைக் காதல் கதை என்று ஒதுக்கப்படும் பகுதிதான் இப்படத்தில் வரலாற்றுக்கு மிக அருகில் நிற்கிறது. பாலதேவரோ நாடகாசிரியரின் கற்பனை. மாணவர்கள் அப்பாத்திரத்தை வரலாறாகக் கொள்ளலாகாது.

தில்லை ஏடுகளும் திருமழபாடியும்

தில்லையில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகள் மீட்கப்பட்டதைப் போற்றும் பாடல் காட்சி ஒன்று படத்தில் உண்டு. இச்செய்தி திருமுறைகண்ட புராணம் சொல்லும் மரபு வழிக் கதை. கல்வெட்டுச் சான்று உடையதன்று. ஆனால் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தினான் என்பதை அக்கோயில் கல்வெட்டே கூறுகிறது.

இதனினும் வலுவான சான்று அரியலூர் மாவட்டத்தில், திருமானூர் வட்டாரத்தில் உள்ளது. தஞ்சாவூர், திருவையாறு பகுதியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்தால் வடகரையில் திருமானூர். அவ்வொன்றியத்தைச் சேர்ந்த திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜன் தன் 28 ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவர்களை இடிக்கும் முன்பாக அவற்றிலிருந்த பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கும். அவை ராஜேந்திரனின் 14 ஆம் ஆட்சியாண்டில் மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. புதுப்பணி என்ற பெயரில் கல்வெட்டுகளை மணல் வீச்சால் தேய்த்தழித்த நம் காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏட்டைக் காத்த மன்னன் என்று படம் தீட்டும் உருவத்திற்குத் தில்லைக் கதையைவிடத் திருமழபாடிச் சுவரே உறுதியான ஆதாரம். இதைத் திரைக்கதையில் சேர்த்திருந்தால் படம் இன்னும் சிறந்திருக்கும்.

தொழில்நுட்பமும் நாடகத்தன்மையும்

சினிமாஸ்கோப் முறையில், சிறப்பு வில்லை ஒன்றின் உதவியால் அகன்ற காட்சி பக்கவாட்டில் நெருக்கப்பட்டு வழக்கமான 35 மி.மீ. படச்சுருளில் பதிவாகும். திரையிடும்போது வேறொரு வில்லை அதை விரித்துக் காட்டும். 1953 இல் 'தி ரோப்' என்னும் அமெரிக்கப் படத்தில் அறிமுகமான இம்முறை, 1959 இல் 'காகஸ் கே பூல்' மூலம் இந்தியாவுக்கு வந்தது. அரங்குகளில் அமைத்த அரசவையும் கோயிலும் இந்த அகலத்துக்கு நன்கு பொருந்தின. அதே அகலம், நடிகர்களை ஒரு வரிசையில் நிறுத்தி வசனம் பேச வைப்பதற்கும் இடங்கொடுத்தது. மேடை நாடகம் போல் உள்ளது என்ற குறை இங்கேதான் உண்மையாகிறது. நகைச்சுவைப் பகுதிகளும் நீளமானவை. இவற்றை மறுப்பதற்கில்லை.

சிவாஜியின் நடிப்பு மிகையானது என்பாரும் உளர். சபையில் முழங்கும் ராஜராஜனை மட்டும் கண்டு கூறப்படுவது அது. மகளின் திருமணத்தையும் நாட்டின் நலனையும் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டிய தந்தையாக அவர் குரலைத் தாழ்த்தும் இடங்கள் கவனிக்கத்தக்கவை.

பிற்காலம்

பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவு 2010 இல் கொண்டாடப்பட்டது. கல்கியின் புதினத்தைத் தழுவி மணிரத்னம் இயக்கிய பொன்னியின் செல்வன் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. அதில் வருபவன் அரியணை ஏறாத இளவரசன் அருள்மொழிவர்மன். முடிசூடிய பின் இருபத்தொன்பது ஆண்டுகள் ஆண்ட ராஜராஜனை முதன்மைப் பாத்திரமாகக் காண விரும்புவோர் 1973 ஆம் ஆண்டுப் படத்தையே நாட வேண்டும்.