கோஷி நாட்டு வெண்பனி

வரலாற்றைப் போர்க்களங்களிலும் அரண்மனைகளிலும் தேடுவதே நமது வழக்கம். சில வேளைகளில் அது ஒரு சிறு இனிப்புக் கட்டிக்குள்ளும் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

ஜப்பானில், ஜப்பான் கடலை நோக்கிய சமவெளியில் அமைந்தது நகாவோகா நகரம். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் காற்று கடலின் ஈரத்தை முகந்து வந்து, மலைகளில் மோதி, அவ்வட்டாரம் முழுவதையும் வெண்பனியால் மூடிவிடுகிறது. அவ்வட்டாரத்தின் பழம்பெயர் கோஷி.

1778-ஆம் ஆண்டில் நகாவோகாவின் சிற்றரசர் மகினோ தடகியோ நோயுற்றிருந்தார். அவருக்கென யமதோயா என்னும் கடையினர், பசையரிசியைக் குளிரில் உலர்த்தி இடித்த மாவுடன் ‘வசம்போன்’ என்னும் மென்சர்க்கரையைக் கலந்து, சிறு கட்டிகளாக அழுத்திச் செய்து கொடுத்தனர். வெண்மையில் பனியை ஒத்து, நாவில் பட்டதும் கரைந்த அதனை உண்டு தேறிய சிற்றரசர், ‘கோஷி நோ யுகி’, அதாவது ‘கோஷியின் பனி’, எனப் பெயரிட்டார் என்பது மரபு.

தொலைவிலிருந்த சோஷூ நாட்டு வீரர் தகசுகி ஷின்சாகு, 1863-இல் கிஹெய்தாய் என்னும் படையை அமைத்து, ஷோகுன் ஆட்சியை எதிர்த்தவர். நகாவோகாவோ ஷோகுனின் பக்கம் நின்ற ஊர். 1867-இல் காசநோயால் சாகும் தறுவாயில் இருந்த அவர், இனியொரு பனிக்காலத்தைக் காண இயலாது என்றுணர்ந்து, இவ்வினிப்பைப் பொடித்துத் தொட்டியில் வளர்த்த குட்டைப் பைன் மரத்தின்மேல் தூவி, அதனையே பனியெனக் கண்டு மகிழ்ந்தார் என்பர்.

அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. எப்பக்கமும் சேராதிருக்க நகாவோகாவின் தலைவர் கவாய் சுகுனோசுகே முயன்றார், பேச்சுவார்த்தை முறிந்தது. தகசுகியின் பழைய தோழர் யமகதா அரிதோமோ முதலியோர் நடத்திவந்த படையிடம் கோட்டை வீழ்ந்தது, மீட்கப்பட்டது, மீண்டும் வீழ்ந்தது. நகரம் எரிந்தது. 1945 ஆகஸ்டு முதல் நாள் இரவில் அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளால் அது மறுபடியும் எரிந்தது. 1,480-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இருமுறை சாம்பலான அவ்வூரில் யமதோயா இன்றும் அதே இனிப்பைச் செய்துவருகிறது. கோட்டை நிலைக்கவில்லை, நாவில் கரையும் பனிக்கட்டி நிலைத்தது.

பகைவர் ஊரின் பனியழகை ஒருவர் தம் இறுதி நாள்களில் விரும்பி அருகில் வைத்துக்கொண்டார். அவ்வூரைத் தீயிட்டவர்கள் அவருடைய தோழர்களே. எதிரியின் ஊரிலும் நாம் விரும்பத்தக்கது ஒன்று உண்டு என்னும் அறிவு மரணப் படுக்கை வரை காத்திருக்க வேண்டுமா? படை புறப்படும் முன்னரே அது நமக்கு வாய்க்குமாயின், எத்தனை ஊர்கள் எரியாமல் எஞ்சியிருக்கும்!