கட்டணத்துக்குத் தடை, மறுப்புக்கு வழி: டெக்சஸின் 2023 காப்பீட்டுச் சட்டம்

2023இல் டெக்சஸ் சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் கிரெக் ஆபட் கையெழுத்திட்ட செனட் மசோதா 833 காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு தடையை விதிக்கிறது. ஒரே வகைப்பாட்டில் அடங்கி, ஏறத்தாழ ஒரே ஆபத்தை எதிர்கொள்ளும் இரு தொழில்களுக்கிடையே, சுற்றுச்சூழல், சமூகம், நிறுவன ஆளுகை சார்ந்த மதிப்பெண்களைக் காட்டிக் கட்டண வீதத்தில் வேறுபாடு செய்யக் கூடாது. 2024 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் பாலிசிகளுக்கு இது பொருந்தும். விலக்கும் உண்டு. காப்பீட்டுக் கணிதத்தின் முறையான நெறிகளுக்கு உட்பட்டோ, இழப்பு அனுபவத்தோடு நியாயமான தொடர்புள்ள நிதிக் காரணங்களாலோ எடுக்கப்படும் முடிவுகள் மீறலாகா.

இச்சட்டம் எண்ணெய்க்குச் சாதகமா, புவிக்குப் பாதகமா என்ற கேள்வியோடு பெரும்பாலான விவாதங்கள் நின்றுவிடுகின்றன. எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறு. காப்பீட்டில் ஒருவரை வெளியே நிறுத்தும் ஆற்றல் கட்டணத்தைவிட மறுப்பில்தான் அதிகம். டெக்சஸ் சட்டம் கட்டணத்தைக் கட்டுப்படுத்திவிட்டு, மறுப்பைத் தொடாமல் விட்டிருக்கிறது.

அமெரிக்காவில் காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் பொறுப்பு. 1944இல் உச்ச நீதிமன்றம் காப்பீடும் மாநிலங்களுக்கிடையிலான வணிகமே என்று தீர்ப்பளித்தபோது அந்த அதிகாரம் ஆட்டங்கண்டது. மறு ஆண்டே மெக்காரன்–பெர்குசன் சட்டத்தின் மூலம் நாடாளுமன்றம் அதை மாநிலங்களிடம் உறுதிப்படுத்தியது. அதன்பின் மாநிலச் சட்டங்கள் ஏறக்குறைய ஒரே இலக்கணத்தைப் பின்பற்றின: கட்டணம் மிகையாக இருக்கக் கூடாது, போதாமல் இருக்கக் கூடாது, நியாயமற்ற பாகுபாடு காட்டக் கூடாது. ஒரே ஆபத்துக்கு இரு விலை வைப்பதை இந்த மூன்றாம் விதியே தடுக்கிறது. ஆகவே 833இன் தடை பழைய விதியின் மறுபதிப்புக்கு மிக அருகில் நிற்கிறது. விலக்கையும் சேர்த்துப் படித்தால், கணக்கறிந்த நிறுவனம் எதுவும் செய்யாத ஒன்றைத்தான் அது தடுக்கிறது.

கணக்கறிந்த நிறுவனம் எதைப் பார்க்கும்? ரோட் ஐலண்டின் ஆலை உரிமையாளர் சக்கரையா ஆலன் தம் ஆலையில் தீத்தடுப்பு ஏற்பாடுகளைச் செய்துவிட்டுக் கட்டணத்தைக் குறைக்கக் கேட்டார். காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்துவிட்டன. 1835இல் அவர் சக ஆலை உரிமையாளர்களோடு சேர்ந்து பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். உரிமையாளரின் கவனமும் நிர்வாக ஒழுங்கும் இழப்பைக் குறைக்கும் என்பதே அதன் அடிப்படை. இன்றைய சொல்லாட்சியில் அது 'ஆளுகை' அளவுகோல். அதுபோல வெள்ளமட்டமும் சுற்றுச்சூழல் அளவுகோல்தான். 2017இன் ஹார்வி புயலுக்குப் பிறகு ஹூஸ்டனில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இழப்போடு தொடர்புள்ள அளவுகோலையும் கொள்கைச் சாய்வையும் பிரிக்கும் கோடு, எந்தத் தலைப்பின்கீழ் அது வருகிறது என்பதில் இல்லை. இழப்புப் பதிவேட்டில் இருக்கிறது.

எனினும் சட்டமியற்றியவர்களின் கவலையைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. காப்பீடு இல்லையேல் வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லையேல் எண்ணெய்க் கிணறு தோண்டவும் கடை திறக்கவும் முடியாது. ஒரு சில நிறுவனங்கள் கூடிப் பேசி ஒரு தொழிலுக்குக் கதவடைத்தால், வாக்காளர் யாரும் தராத அதிகாரத்தை அவை செலுத்துகின்றன. 2021 ஜூலையில் ஆக்ஸா, அலியான்ஸ், மியூனிக் ரே, ஸ்விஸ் ரே உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் கரிம உமிழ்வைக் குறைக்கும் நோக்கோடு தொடங்கிய நிகர பூஜ்ஜியக் காப்பீட்டுக் கூட்டணி இந்த அச்சத்துக்கு உருவம் கொடுத்தது. 2023 மே மாதம் 23 மாநிலத் தலைமை வழக்கறிஞர்கள், போட்டியைக் காக்கும் சட்டங்களைக் கூட்டணி மீறக்கூடும் என்று கடிதம் எழுதினார்கள். ஆக்ஸாவும் அலியான்ஸும் அந்த மாதமே விலகின. 2024 ஏப்ரலில் கூட்டணி கலைந்தது. ஆனால் மியூனிக் ரே அந்தக் கடிதத்துக்கு முன்பே வெளியேறியிருந்தது. 2023 ஏப்ரல் முதல் புதிய எண்ணெய், எரிவாயு வயல் திட்டங்களுக்குக் காப்பீடு வழங்குவதில்லை என்று 2022இல் தனியாகவே அது அறிவித்திருந்தது. இது கட்டண வேறுபாடு அன்று, மறுப்பு. அதைக் கேள்வி கேட்க 833இல் இடமில்லை.

கட்டணத்தை மட்டும் சமப்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கக் காப்பீட்டு வரலாற்றிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. 1881இல் புருடென்ஷியல் நிறுவனம் கறுப்பின மக்களுக்கு, அதே பிரீமியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்த தொகையையே தருவது என்று முடிவு செய்தது. இறப்பு அட்டவணைகளே இதற்குக் காட்டப்பட்ட நியாயம். மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் கறுப்பின உறுப்பினரான ஜூலியஸ் சாப்பெல் இதை எதிர்த்து மசோதா கொண்டுவந்தார். 1884இல் அது சட்டமாயிற்று. நிறத்தின் பேரில் கட்டணத்தையோ பயனையோ வேறுபடுத்தக் கூடாது என்றதோடு அது நிற்கவில்லை. விண்ணப்பத்தை மறுத்தால், அந்த மறுப்பு நிறத்தால் அல்ல, உடல்நிலையால்தான் என்ற மருத்துவர் சான்றை, கேட்டால் தர வேண்டும் என்றும் சொன்னது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சட்டம், மறுப்பின் முக்கியத்துவத்தை டெக்சஸைவிடத் தெளிவாக அறிந்திருந்தது.

அதுவும் போதவில்லை. மேலும் பல மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றியபோது, புருடென்ஷியல் கறுப்பின மக்களிடம் பாலிசி கேட்டுப் போவதையே நிறுத்தியது. 1896இல் அதன் புள்ளியியலாளர் பிரடெரிக் ஹாஃப்மன் எழுதிய நூல் இந்த விலகலுக்கு அறிவியல் சாயம் பூசியது. 1898இல் டர்ஹமில் தோன்றிய நார்த் கரோலினா மியூச்சுவல் போன்ற கறுப்பினத்தவரின் சொந்த நிறுவனங்களே அந்த வெற்றிடத்தில் வளர்ந்தன. மனிதரின் நிறத்தையும் ஒரு தொழிலின் செயலையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை, வைப்பது தவறு. ஒப்பிடத்தக்கது காப்பீட்டு நிறுவனத்தின் நடத்தை மட்டுமே. விரும்பாத ஒருவருக்கு விரும்பாத விலையில் விற்கச் சொன்னால், அது விற்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளும்.

1960களின் நகரக் கலவரங்களுக்குப் பிறகு, காப்பீடு கிடைக்காத நகர்ப்பகுதிகளுக்காக 1968இல் 'ஃபேர்' திட்டங்களுக்கு மத்திய அரசு வழி செய்ததன் பின்னணியும் இதுதான். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த அப்பகுதிகளில் கட்டண விதி எதுவும் பாலிசியைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. சந்தை மறுத்ததை நிறுவனங்கள் கூட்டாக ஏற்கும் அமைப்பு தேவைப்பட்டது.

அப்படியானால் 833 உண்மையில் யாருக்கு அரண்? பெரும் எண்ணெய் நிறுவனங்களுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. 1972லேயே அவை ஒன்றுகூடித் தமக்கென ஆயில் இன்சூரன்ஸ் லிமிடெட் என்ற பரஸ்பர நிறுவனத்தை நிறுவிக்கொண்டன. தவிப்பவர்கள் சிறு கிணற்று உரிமையாளர்கள், துப்பாக்கிக் கடைக்காரர்கள். தரகரிடமிருந்து ஒரு வரிக் கடிதத்தில் மறுப்பைப் பெறும் இவர்களுக்கு, கட்டண வீதம் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி எந்த விதத்திலும் உதவாது.

அரசு அழுத்தம் எதிர்த்திசையிலும் வரக்கூடும். பார்க்லண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 2018இல் நியூயார்க் நிதிச் சேவைக் கண்காணிப்பாளர் மரியா வுல்லோ, துப்பாக்கி உரிமைக்காக வாதிடும் தேசிய ரைபிள் சங்கத்தோடு உறவு வைப்பதால் வரும் நற்பெயர் இடரைக் கருதுமாறு காப்பீட்டு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டார். சங்கத்தின் கருத்தை ஒடுக்க அரசு தன் அதிகாரத்தை வைத்து நிறுவனங்களை நிர்ப்பந்தித்தது என்ற குற்றச்சாட்டு, பேச்சுரிமை வழக்காகத் தொடரத்தக்கது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. இந்தத் தீர்ப்பை இரு கட்சியினரும் முழுமையாகப் படிக்க வேண்டும். நியூயார்க் செய்யக் கூடாததை டெக்சஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து செய்தாலும், காப்பீட்டாளரின் இழப்புக் கணக்கு அரசியலின் கைக்குப் போய்விடும்.

ஆகவே நான் வேண்டுவது 833ஐ நீக்குவது அன்று. பாலிசியை மறுக்கும் அல்லது புதுப்பிக்காத நிறுவனம், எந்த இழப்புத் தரவின் பேரில் மறுத்தது என்பதை எழுத்தில் விண்ணப்பதாரருக்கும் மாநிலக் காப்பீட்டுத் துறைக்கும் தர வேண்டும் என்ற பிரிவு அதில் சேர வேண்டும். எண்ணெய்க் கிணற்றுக்கும் கடலோர வீட்டுக்கும் விதி ஒன்றாகவே இருக்க வேண்டும். காரணம் தெரிந்த பின்னும் வாங்க வழியில்லாதோருக்கு என்ன செய்வது என்பதும் டெக்சஸுக்குப் புதிதல்ல. 1970இல் சீலியா புயல் கார்பஸ் கிறிஸ்டியைத் தாக்கிய மறு ஆண்டே, கடற்கரையை விட்டு நிறுவனங்கள் பின்வாங்கும் என்று உணர்ந்த சட்டமன்றம் டெக்சஸ் புயற்காற்றுக் காப்பீட்டுச் சங்கத்தை உருவாக்கியது. அங்கே மாநிலம் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி பாலிசி கிடைக்குமா என்பதே. ஆற்றல் துறைக்கும் அதே கேள்வியை எழுப்பினால் செலவை யார் ஏற்பது என்று சட்டமன்றம் வெளிப்படையாகப் பேச வேண்டிவரும். 833 அந்தப் பேச்சுக்கு இடம் தராமல் முடிந்துவிடுகிறது.