49 செ.மீ மழை கொட்டிய தாம்பரத்தில் போர்வெல் ஏன் வற்றுது? காலுக்குக் கீழே இருக்கும் காரணம்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடியிருக்கீங்களா? அப்போ மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணி, கோடையில் வாசலில் தண்ணி லாரி... ரெண்டையும் பார்த்திருப்பீங்க.

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. சென்னையின் ஓராண்டு சராசரியே சுமார் 140 செ.மீ.தான்! இவ்வளவு பெய்யும் ஊரில் ஏன் தண்ணீர்ப் பஞ்சம்?

தரைக்குக் கீழே என்ன இருக்கு?

திரிசூலம் ஸ்டேஷனைத் தாண்டும்போது ரயிலிலிருந்து தெரியுமே மலை... அந்தக் கருங்கல்லுக்கு 'சார்னோகைட்' என்று பெயர். கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கு. அதில் இருப்பதும் இதே வகைக் கல்தான். அதனால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே இதற்கு வைத்தார்.

பூமியின் மேலோடு கண்டங்களுக்குக் கீழே சராசரியாக 35 - 40 கி.மீ தடிமன் கொண்டது. அதன் அடி ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸுக்கும் அதிகமான வெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவான பாறை இது. மேலே இருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து கரைய, இது மெல்ல வெளியே வந்தது.

தண்ணி எங்கே தங்கும்?

இந்தப் பாறைக்குள் தண்ணீர் ஊறாது. மேலே இருக்கும் மண்ணும் மக்கிய பாறையும் கொஞ்சம் பிடித்துவைக்கும். மீதி, பாறையின் விரிசல்களில்தான். பக்கத்து வீட்டில் 200 அடியில் தண்ணி வந்து, உங்க வீட்டில் 600 அடியிலும் புழுதி பறக்க இதுதான் காரணம். ஆழம் போகப் போக விரிசல்கள் குறையும். அதனால் 'இன்னும் 100 அடி போட்டா வந்துடும்' என்பதற்கு கேரன்டி கிடையாது.

வங்கக் கடலில் ஆவியாகும் நீர், வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை திரும்பி வருது. மேல்மண் நிரம்பியதும் மீதி ஏரி, அடையாறு, பள்ளிக்கரணை சதுப்புநிலம் என ஓடி, கடைசியில் கடலுக்கே போகும். வாசல் முழுக்க சிமென்ட் போட்டால், மேல்மண்ணுக்குக்கூடத் தண்ணி இறங்காது.

நீங்க என்ன செய்யலாம்?

* தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சு. உங்க வீட்டுத் தொட்டியைச் செப்டம்பருக்குள் தூர்வாருங்க.
* மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி, கிணற்றிலோ கசிவுக்குழியிலோ விடுங்க.
* தெருவில் ஓடும் அழுக்குத் தண்ணீரை போர்வெல்லில் விடவே கூடாது.
* வீட்டைச் சுற்றிக் கொஞ்சமாவது மண் தரையை விட்டுவைங்க.

புது போர் போட பணம் புரட்டும் முன், மாடியிலிருந்து இறங்கும் பைப் எங்கே போய் முடியுதுன்னு ஒருமுறை பாருங்க!