உழுது காட்டும் வரலாறு: பிரெய்ரி அருங்காட்சியகங்கள் வளர்ந்த விதம்

அமெரிக்கப் பிரெய்ரி புல்வெளியில் குடியேறியவர்களின் வாழ்க்கையைச் செய்து காட்டும் 'வாழும் வரலாற்று' அருங்காட்சியகங்கள் பல. இவ்வகை அருங்காட்சியகங்கள் முதலில் வீடுகளைக் காத்தன; பிறகு வேலைகளைக் காத்தன. நிலம் எப்படிக் கைமாறியது என்ற கேள்வி கடைசியாகத்தான் உள்ளே நுழைந்தது. அந்த வரிசையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இவற்றின் மூலம் ஸ்வீடனில் இருக்கிறது. தொழில்மயத்தால் நாட்டுப்புற வாழ்வு அழிவதைக் கண்ட ஆர்தர் ஹசேலியுஸ், 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து அங்கே மீண்டும் நிறுத்தினார். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கிரீன்ஃபீல்டு வில்லேஜும் இவ்வாறே கட்டடங்களைத் திரட்டியது.

1965-இல் மாரியன் கிளாசன் என்ற பொருளியலாளர் வேறு யோசனை சொன்னார்: வெவ்வேறு காலத்துப் பண்ணைகளை அந்தந்தக் காலக் கருவிகளோடும் கால்நடைகளோடும் உண்மையாகவே நடத்த வேண்டும். கூட்டரசின் பொதுநில நிர்வாகத் துறைக்கு இயக்குநராக இருந்தவர் அவர். நிலக் கணக்கு பார்த்தவரே உழவைக் காக்கச் சொன்னது கவனிக்கத்தக்கது.

அயோவா மாநிலத்தின் அர்பன்டேலில் வில்லியம் முர்ரே என்ற வேளாண் பொருளியல் பேராசிரியர் 1970-இல் நிறுவிய 'லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸ்' அந்த யோசனையின் நல்ல சான்று. டிராக்டர் இழுக்கும் வண்டியில் பார்வையாளர் பண்ணைகளுக்குச் செல்கிறார். 1850-ஆம் ஆண்டுப் பண்ணையில் மரக்கட்டை வீடு, எருது பூட்டிய ஏர், கணப்படுப்பில் சமையல். 1900-ஆம் ஆண்டுப் பண்ணையில் உழவு குதிரைகளுக்கு மாறியிருக்கிறது. சமையல் விறகு எரியும் இரும்படுப்பில். 1700-ஆம் ஆண்டு அயோவே பழங்குடிப் பண்ணை பின்னாளில் சேர்ந்தது. அங்கே மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் விளைகின்றன. கருவிகள் எலும்பாலும் மரத்தாலும் ஆனவை.

1700-க்கும் 1850-க்கும் இடைப்பட்ட இடைவெளியில்தான் சிக்கல் இருக்கிறது. பிரெய்ரியின் கரிய மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொள்ளும். உழவர் அடிக்கடி நின்று அதைச் சுரண்டியாக வேண்டும். 1837-இல் இல்லினாயில் ஜான் டியர் வழவழப்பான எஃகுக் கொழுவோடு செய்த கலப்பை அந்தத் தொல்லையைத் தீர்த்தது. அடுத்த ஆண்டிலேயே, 1838-இல், ஒப்பந்தத்தின் வழியே அயோவே மக்கள் அயோவா நிலத்தின் மீது எஞ்சியிருந்த உரிமையையும் இழந்தார்கள். கலப்பையை உழுது காட்டலாம். ஒப்பந்தத்தை எப்படிச் செய்து காட்டுவது? உழைப்பைக் கண்முன் நிறுத்தும் இம்முறை, அதிகாரத்தைக் காட்டுவதில் தடுமாறுகிறது என்பதே என் கருத்து.

இண்டியானாவின் கானர் பிரெய்ரி அருங்காட்சியகத்தில் இந்தத் தடுமாற்றம் ஒரே குடும்பத்துக்குள் தெரிகிறது. வணிகரான வில்லியம் கானர், லெனாப்பே இனத்தைச் சேர்ந்த மெக்கிஞ்சஸை மணந்தவர். அவ்வின மக்கள் இண்டியானா நிலத்தைக் கைவிட்ட 1818 ஒப்பந்தப் பேச்சில் கானரும் பங்கேற்றார். 1820-இல் மெக்கிஞ்சஸ் ஆறு பிள்ளைகளோடு மேற்கே போனார். கானர் போகவில்லை, அதே ஆண்டில் எலிசபெத் சாப்மனை மணந்து, 1823-இல் செங்கல் வீடு கட்டினார். 1934-இல் மருந்துத் தொழிலதிபர் எலை லில்லி வாங்கிச் சீரமைத்தது அந்த வீட்டைத்தான். லெனாப்பே முகாம் ஒன்றும் இன்று அங்கே இருக்கிறது. அங்கே செல்பவர்கள் வீடு கட்டிய 1823-ஐப் பற்றி மட்டுமல்லாமல், மெக்கிஞ்சஸ் போன 1820-ஐப் பற்றியும் வழிகாட்டிகளிடம் கேட்க வேண்டும்.